தீர்ப்பை வாசிக்கப் பழக்கும் பயிற்சி: பள்ளி மாணவர்களுக்கான சட்ட அறிமுக வகுப்பு பற்றிய மதிப்பீடு

வழக்கறிஞராக வேண்டும் என்று ஆசைப்படும் பள்ளி மாணவர்களுக்கென்று இணையவழிப் பயிற்சிகள் இப்போது நிறையவே நடத்தப்படுகின்றன. அவற்றுள் ஒன்றை, பதினோராம் வகுப்பில் இருக்கும் என் மகள் அண்மையில் படித்து முடித்தாள். மொத்தம் 12 வாரங்கள்; வார இறுதியில் நேரலை வகுப்பு, இடைப்பட்ட நாள்களில் வாசிப்பு, இரண்டு வாரங்களுக்கு ஒருமுறை எழுத்துப் பணி, முடிவில் ஒரு மாதிரி விசாரணை என்று அதன் அமைப்பு இருந்தது. நானும் வழக்கறிஞர் தொழிலில் இருப்பதால், அவளுடைய இசைவோடு பெரும்பாலான வகுப்புகளை அருகில் இருந்து கேட்டேன். குறைகளையும் எழுதவிருப்பதால் நடத்துகிற நிறுவனத்தின் பெயரைத் தவிர்க்கிறேன். ஏறக்குறைய இதே பாடத்திட்டத்தோடு வேறு பல பயிற்சிகளும் இருப்பதால், பிள்ளையை எதில் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்கு இந்த மதிப்பீடு பெயரில்லாமலும் பயன்படும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கவும் எழுதவும் கேள்வி கேட்கவும் மாணவர்களைப் பழக்கிய பகுதிகளில் இந்தப் பயிற்சி எதிர்பார்த்ததைவிடச் சிறப்பாக இருந்தது. சட்டம் என்றால் என்ன என்று விளக்கிய பகுதிகள் சுமார். தொழில் வழிகாட்டல் என்ற பெயரில் நடந்த வகுப்புகள் மட்டும் விளம்பரத்தைத் தாண்டவில்லை. விளம்பரத் துண்டில் பெரிய எழுத்தில் இருந்ததோ இந்த மூன்றாவது பகுதிதான்.

முதல் இரண்டு வாரங்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நீதிமன்றங்களின் படிநிலை, உரிமையியல் வழக்குக்கும் குற்றவியல் வழக்குக்கும் உள்ள வேறுபாடு, முன்தீர்ப்புகளைப் பின்பற்றும் பொதுச் சட்ட மரபு, தொகுக்கப்பட்ட சட்டநூலை மையமாகக் கொண்ட ஐரோப்பியக் கண்ட மரபு என்று படக்காட்சிகளாக ஓடின. தகவல்களில் பிழை இல்லை. ஆனால் குடிமையியல் பாடநூலை ஒழுங்காகப் படித்த மாணவருக்கு இதில் புதிதாக ஒன்றும் கிடைக்காது. இரண்டாம் வார முடிவில், கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கலாமா என்ற யோசனை எனக்கு வந்தது உண்மை.

மூன்றாம் வாரத்தில் ஆசிரியர் மாறினார், வகுப்பும் மாறியது. புதிதாக வந்தவர் பல ஆண்டுகள் விசாரணை நீதிமன்றங்களில் வாதாடிவிட்டுக் கற்பிக்க வந்தவர் என்பது அவர் கேள்வி கேட்கும் விதத்திலேயே தெரிந்தது. "பூங்காவுக்குள் வாகனங்கள் நுழையக் கூடாது" என்று ஒரே ஒரு விதியைத் திரையில் எழுதிவிட்டு, சக்கரக் காலணி வாகனமா, குழந்தையின் பொம்மைக் கார் வாகனமா, மயங்கி விழுந்தவரை ஏற்ற வரும் ஆம்புலன்ஸ் வாகனமா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். சட்டத் தத்துவ அறிஞர் ஹெச்.எல்.ஏ. ஹார்ட் 1958-இல் முன்வைத்த எடுத்துக்காட்டு இது. சட்டக் கல்லூரிகளின் முதலாண்டு வகுப்பில் தலைமுறை தலைமுறையாகக் கேட்கப்படுவது. அதற்கு அதே ஆண்டில் லான் ஃபுல்லர் எழுப்பிய எதிர்க்கேள்வியையும் ஆசிரியர் விடவில்லை: போரில் பயன்படுத்தப்பட்ட, இன்னமும் ஓடும் நிலையில் உள்ள ஒரு லாரியை நினைவுச் சின்னமாகப் பூங்காவில் பீடத்தின் மேல் நிறுத்தினால் விதி மீறப்படுகிறதா? ஒரு மாணவன் சொல்லின் பொருளைப் பிடித்துக்கொண்டான். இன்னொருத்தி விதியின் நோக்கத்தைப் பிடித்துக்கொண்டாள். சட்ட விளக்கத்தில் இருக்கும் இரண்டு பெரும் போக்குகளும் அவற்றின் பெயர்கள் சொல்லப்படும் முன்பே வகுப்பில் மோதிக்கொண்டிருந்தன. பெயர்களைப் பிறகு சொன்னபோது யாரும் குறிப்பெடுக்க வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நான்கு வாரங்கள் முழுக்கத் தீர்ப்பு வாசிப்புதான். இந்தப் பயிற்சிக்குக் கட்டிய கட்டணம் இந்த நான்கு வாரங்களுக்கே தகும் என்பேன். சுருக்கங்களைத் தராமல், அசல் தீர்ப்புகளிலிருந்து தேர்ந்தெடுத்த பக்கங்களை அப்படியே கொடுத்தார்கள். முதலில் வந்தது 1932-இல், அன்று இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாகவும் இருந்த பிரித்தானியப் பிரபுக்கள் அவை தீர்த்த டோனஹியூ எதிர் ஸ்டீவன்சன் வழக்கு. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரத்தில் 1928-இல் ஒரு பெண் தன் தோழி வாங்கித் தந்த இஞ்சிப் பானத்தைக் குடிக்கிறார். ஒளிபுகாத அந்தப் புட்டியிலிருந்து அழுகிய நத்தை விழுந்ததாகவும், அதனால் தமக்கு நோய் வந்ததாகவும் சொல்லித் தயாரிப்பாளர் மீது வழக்குத் தொடுக்கிறார். பானத்தை வாங்கியவர் தோழி என்பதால், குடித்தவருக்கும் விற்றவருக்கும் இடையில் ஒப்பந்தம் ஏதும் இல்லை. தயாரிப்பாளரோடு அறவே இல்லை. அப்படியிருக்க அவர் ஏன் பொறுப்பேற்க வேண்டும் என்பதுதான் கேள்வி. மூன்றுக்கு இரண்டு என்ற பெரும்பான்மையில் அவை அந்தப் பெண்ணின் பக்கம் நின்றது. நம் செயலால் பாதிக்கப்படக்கூடியவர் என்று நியாயமாக எதிர்பார்க்கத்தக்க எவரிடத்தும் நமக்குக் கவனக் கடமை உண்டு என்று, தீர்ப்பளித்தவர்களுள் ஒருவரான அட்கின் பிரபு வகுத்த கோட்பாடு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்த வழக்கை எல்லாரும் கற்பிக்கிறார்கள். இந்த ஆசிரியர் கூடுதலாகச் செய்தது ஒன்று உண்டு. மாணவர்கள் வாசித்து முடித்ததும், "புட்டியில் நத்தை இருந்தது என்று நீதிமன்றம் எந்தப் பத்தியில் முடிவு செய்கிறது?" என்று கேட்டார். எல்லாரும் பக்கங்களைப் புரட்டினார்கள். அப்படியொரு பத்தி இல்லை. சொல்லப்பட்டவை உண்மை என்று வைத்துக்கொண்டால் சட்டப்படி வழக்கு நிற்குமா என்பதை மட்டுமே அவை தீர்மானித்தது. நத்தை இருந்ததா என்பது எந்த நீதிமன்றத்திலும் கடைசிவரை நிரூபிக்கப்படவே இல்லை. என் மகள் தன் சுருக்கக் குறிப்பின் முதல் வரியிலேயே "புட்டியில் நத்தை இருந்தது" என்று எழுதியிருந்தாள். அதை அடித்துவிட்டு "இருந்ததாக வாதி கூறுகிறார்" என்று திருத்தினாள். சொல்லப்பட்டதையும் நிரூபிக்கப்பட்டதையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் என்னுடைய இளநிலை வழக்கறிஞர்கள் சிலருக்கே இன்னும் கைவரவில்லை என்பதை இங்கே சொல்லிவைக்கிறேன்.

இரண்டாவது, 1884-ஆம் ஆண்டின் டட்லி, ஸ்டீவன்ஸ் வழக்கு. மினியொனெட் என்ற பாய்மரக் கலம் மூழ்கியபின் நான்கு பேர் ஒரு சிறு படகில் நடுக்கடலில் தத்தளிக்கிறார்கள். குடிநீரும் உணவும் தீர்ந்து பல நாள் ஆனபின், கடல்நீரைக் குடித்து நோயுற்றுக் கிடந்த கப்பல் பணியாளச் சிறுவனைக் கொன்று மற்றவர்கள் உயிர் பிழைக்கிறார்கள். மீட்கப்பட்டுத் திரும்பியதும் கொலை வழக்கு. உயிர் பிழைக்க வேறு வழியில்லை என்பது கொலைக்கு எதிர்வாதமாகாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் தீர்ப்பளித்து மரண தண்டனை விதித்தது. அது பின்னர் ஆறு மாதச் சிறையாகக் குறைக்கப்பட்டது. கொல்லப்பட்ட சிறுவனுக்கு வயது 17. வகுப்பிலிருந்த பலருக்கும் அதே வயதுதான். விவாதம் உணர்ச்சி வேகத்தில் போனபோது ஆசிரியர் இடைமறித்து, தண்டனை எப்படியும் குறைக்கப்படும் என்று தெரிந்திருந்தால் நீதிபதிகள் மரண தண்டனை விதிப்பது நேர்மையா, குறைக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தராமல் அரசின் கருணைக்கு ஏன் விட வேண்டும் என்று கேட்டார். அதன்பின் யாருக்கும் கத்தத் தோன்றவில்லை, யோசிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவதாக அவர்கள் தேர்ந்தெடுத்த வழக்குதான் இந்த வயதினருக்கு மிகப் பொருத்தமானது என்று எனக்குப் பட்டது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஜெரால்டு கால்ட் என்ற 15 வயதுச் சிறுவன், அண்டை வீட்டுப் பெண்ணைத் தொலைபேசியில் அழைத்து ஆபாசமாகப் பேசியதாகப் பிடிக்கப்பட்டான். புகார் கொடுத்த பெண் விசாரணைக்கே வரவில்லை. சிறுவனுக்கு வழக்கறிஞர் இல்லை. நடந்தது எதுவும் பதிவு செய்யப்படவில்லை. 21 வயது வரை அவனைச் சீர்திருத்தப் பள்ளியில் வைக்க ஆணையிட்டார்கள். அதே செயலை வளர்ந்தவர் ஒருவர் செய்திருந்தால் அதிகபட்சம் 50 டாலர் அபராதம் அல்லது இரண்டு மாதச் சிறை. சிறாருக்கும் குற்றச்சாட்டை முன்கூட்டி அறியவும், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளவும், சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யவும், தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லாதிருக்கவும் உரிமை உண்டு என்று 1967-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. "பிள்ளையின் நன்மைக்காகத்தானே செய்தோம்" என்ற பெரியவர்களின் நல்லெண்ணம் நடைமுறைப் பாதுகாப்புக்கு ஈடாகாது என்பதைப் பதினாறு வயதினர் எவ்வளவு விரைவாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பது பெற்றோருக்குச் சற்றுச் சங்கடமாகக்கூட இருக்கலாம். அந்த வாரம் எங்கள் வீட்டில் கைப்பேசியைப் பிடுங்கி வைப்பதற்கு முன் விளக்கம் கேட்கும் வாய்ப்பு அளிக்கப்பட வேண்டும் என்ற கோரிக்கை முறைப்படி எழுப்பப்பட்டது.

வாசிக்கக் கொடுத்த முறையிலும் ஒரு திட்டம் இருந்தது. முதல் தீர்ப்புக்கு, நிகழ்வு என்ன, கேள்வி என்ன, முடிவு என்ன, அதற்கான காரணம் என்ன, மாறுபட்ட நீதிபதி என்ன சொல்கிறார் என்ற வினாக்களைத் தந்தார்கள். இரண்டாவது தீர்ப்புக்கு அவற்றுள் சிலவற்றை மட்டும் தந்தார்கள். மூன்றாவதற்கு வெறும் தாள்தான். தீர்ப்புக்கு இன்றியமையாத காரணத்தையும் நீதிபதி போகிறபோக்கில் சொன்ன கருத்தையும் பிரித்துக் காட்டச் சொன்ன பயிற்சி மட்டும் இந்த வயதுக்குக் கொஞ்சம் கடினம். பாதிப் பேர் அங்கே திணறினார்கள். சட்டக் கல்லூரியிலும் அதே இடத்தில்தான் திணறுகிறார்கள் என்பதால் இதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

எழுத்துப் பணிகள் சிறியவை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்பது கண்டிப்பு. ஒரு வழக்கில் முதலில் வாதிக்காகவும் அடுத்த முறை பிரதிவாதிக்காகவும் எழுத வேண்டும். திருத்தி வந்த முதல் தாளை நான் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். "சந்தேகத்துக்கு இடமின்றி", "எல்லாரும் அறிந்ததே", "தெள்ளத்தெளிவாக" என்று மகள் எழுதியிருந்த இடங்களெல்லாம் வட்டமிடப்பட்டிருந்தன. "எல்லாரும் அறிந்ததே" என்பதற்குப் பக்கத்தில், "யார்? எந்தப் பத்தி?" என்று மட்டும் எழுதப்பட்டிருந்தது. தாளின் கீழே ஒரே ஒரு குறிப்பு: எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை நீ தொடவே இல்லை, நீ தொடாவிட்டால் நீதிபதி தொடுவார். பள்ளியில் கட்டுரைக்கு முழு மதிப்பெண் வாங்கிப் பழகியவளுக்கு இது இரண்டு நாள் வருத்தம். அடுத்த தாளில் அந்தச் சொற்கள் ஒன்றும் இல்லை. எதிர்வாதத்துக்கு ஒரு முழுப் பத்தி இருந்தது. தாள்களைத் திருத்தியவர்கள் சட்டக் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் என்று பிறகு அறிந்தேன். அவர்களைத் தேர்ந்தெடுத்த விதத்துக்காக நிறுவனத்தைப் பாராட்ட வேண்டும்.

இந்தப் பகுதியிலேயே செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பற்றியும் ஒரு வகுப்பு எடுத்தார்கள். தடை என்றோ தாராளம் என்றோ சொல்லாமல் ஒரு வழக்கைக் காட்டினார்கள்: 2023-இல் நியூயார்க்கின் கூட்டாட்சி நீதிமன்றம், உரையாடு செயலி இட்டுக்கட்டிய, எங்குமே இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்த வழக்கறிஞர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதித்த நிகழ்வு. அதன்பின் ஒவ்வொரு எழுத்துப் பணியிலும், காட்டிய மேற்கோள் எந்தத் தீர்ப்பில் எந்தப் பத்தியில் இருக்கிறது என்று குறிப்பிடுவது கட்டாயமாக்கப்பட்டது. குறிப்பிடாத தாள் திருத்தப்படாமலே திரும்பி வந்தது. நல்ல ஏற்பாடு.

மாதிரி விசாரணைதான் மாணவர்கள் ஆவலோடு காத்திருந்த கட்டம். ஏற்பாட்டாளர்கள் தந்த கற்பனை வழக்கில் ஒரு மிதிவண்டி திருடு போகிறது. அந்திநேரத்தில் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்ததாக ஒருவர் சாட்சி சொல்கிறார். ஒவ்வோர் அணியிலும் இருவர் வழக்கறிஞர்கள், மற்றவர்கள் சாட்சிகள். தன் சாட்சியை விசாரிக்கும்போது விடையைத் திணிக்கும் கேள்வி கேட்கக் கூடாது, எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யும்போது அத்தகைய கேள்விகளையே கேட்க வேண்டும், பிறர் சொல்லக் கேட்டதைச் சாட்சியமாக்கக் கூடாது என்ற விதிகளை மட்டும் சொல்லிக்கொடுத்தார்கள். ஆட்சேபணைகளும் இந்த மூன்றுக்கு மேல் போகக் கூடாது. திரைப்பட நீதிமன்றத்தைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளை மேசையைத் தட்டாமல் பேச வைக்க இந்தக் கட்டுப்பாடு மிகவும் தேவைப்பட்டது.

என் மகளுக்குக் குறுக்கு விசாரணை கிடைத்தது. சாட்சி நின்ற இடத்துக்கும் மிதிவண்டி நின்ற இடத்துக்கும் இருந்த தூரத்தை ஒப்புக்கொள்ள வைத்தாள். தெருவிளக்கு எரியவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வைத்தாள். எடுத்தவனின் முதுகுப்புறம்தான் தெரிந்தது என்பதையும் வாங்கிவிட்டாள். அங்கேயே அமர்ந்திருக்க வேண்டும். வெற்றி கைக்கெட்டிய வேகத்தில், "அப்படியானால் அது இவர்தான் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டாள். சாட்சியாக நடித்த மாணவன் அமைதியாக, "திரும்பிப் பார்த்து என்னைப் பெயர் சொல்லி அழைத்து, யாரிடமும் சொல்லாதே என்றாரே" என்றான். அந்தப் பதில் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தில் அப்படியே இருந்தது. கேட்டால் மட்டும் சொல்ல வேண்டும் என்று அவனுக்கு அறிவுறுத்தியிருக்கிறார்கள். அதே வாக்குமூலம் இவள் கையிலும் இருந்தது. நீதிபதி இருக்கையில் இருந்த ஆசிரியர் சிரிக்கவில்லை. அடுத்த சாட்சியை அழைத்தார். விசாரணை முடிந்தபின், விடை தெரியாத கேள்வியைக் குறுக்கு விசாரணையில் கேட்காதீர்கள், கிடைக்க வேண்டியது கிடைத்ததும் நிறுத்துங்கள் என்ற இரண்டே விஷயங்களைச் சொன்னார். இதைப் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொண்டவர்கள் எல்லாரும் முதல் சில வழக்குகளில் இதை மீறத்தான் செய்கிறார்கள். பள்ளிப் பருவத்திலேயே, யாருடைய சுதந்திரமும் பணயமாக இல்லாத ஓர் அறையில் அதை மீறிப் பார்க்கக் கிடைத்தது அவளுக்கு நல்வாய்ப்பு.

ஒரு குறை: பேசத் தயங்கும் மாணவர்களைச் சாட்சி வேடத்திலும் நேரக் கணிப்பிலும் தள்ளிவிட்டார்கள். எழுத்தில் மிகக் கூர்மையாக இருந்த ஒரு மாணவி இறுதிவரை ஒரு வாதமும் செய்யவில்லை. மேல்முறையீட்டு மாதிரியில், அதாவது சாட்சிகள் இல்லாமல் சட்டக் கேள்வியை மட்டும் நீதிபதிகள் முன் எழுத்திலும் பேச்சிலும் வாதிடும் முறையில், ஓர் அமர்வு வைத்திருந்தால் இத்தகையவர்கள் மிளிர்ந்திருப்பார்கள். உலகெங்கும் சட்டக் கல்லூரிகள் பங்கேற்கும் ஜெசப் பன்னாட்டுச் சட்டப் போட்டி 1960 முதல் இந்த வடிவத்தில்தான் நடக்கிறது. அதன் எளிய வடிவம் ஒன்றைப் பள்ளி மாணவர்களுக்கு அமைப்பது கடினமான செயலே அல்ல.

இனித் தொழில் வழிகாட்டல். இந்த இரண்டு வாரங்களும் ஏமாற்றம். வந்தவர்கள் எல்லாரும் பெரிய நிறுவனங்களுக்காக வாதாடுபவர்கள். பேசியது எல்லாம் வெற்றிக் கதைகள். சட்டம் படித்தவர்களில் கணிசமானவர்கள் நீதிமன்றத்தில் எழுந்து நின்று பேசுவதே இல்லை. ஒப்பந்தம் வரைவது, சட்ட முன்வரைவு எழுதுவது, இலவசச் சட்ட உதவி மையங்களில் ஆலோசனை சொல்வது, நிறுவனங்களுக்குள் இருந்தே சட்டத்தைப் பின்பற்ற வைப்பது, சமரச மையங்களில் இரு தரப்பையும் அமரவைத்துப் பேசுவது என்று பல வேலைகள் இருக்கின்றன. இவற்றைப் பற்றி ஒரு சொல்கூட வரவில்லை. தொழிலின் தொடக்க ஆண்டுகளில் வருமானம் எவ்வளவு மெலிந்திருக்கும், ஒத்திவைப்புகளுக்காகக் காத்திருப்பதில் ஒரு நாள் எப்படிக் கழியும், தோற்ற கட்சிக்காரரிடம் எப்படிப் பேசுவது என்பவற்றைக் கேட்ட ஒரு மாணவனுக்கு, "கடின உழைப்புக்குப் பலன் உண்டு" என்பதுதான் பதிலாகக் கிடைத்தது.

கல்வி வழிகளைப் பற்றிய விளக்கமும் ஒரு நாட்டின் முறையை உலகம் முழுமைக்கும் பொருத்திச் சொல்வதாக இருந்தது. பல நாடுகளிலிருந்து மாணவர்கள் சேர்ந்திருக்கும் வகுப்பில் இது சிறிய பிழையல்ல. அமெரிக்காவில் முதலில் ஏதேனும் ஓர் இளநிலைப் பட்டம் முடித்து, அதன்பின் மூன்றாண்டுச் சட்டப் படிப்பில் சேர வேண்டும். இளநிலையில் குறிப்பிட்ட பாடம் எதையும் எடுத்தாக வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் சொல்வதில்லை. இங்கிலாந்தில் பள்ளி முடித்ததும் நேராகச் சட்டம் படிக்கலாம். சில பல்கலைக்கழகங்கள் எல்நாட் என்ற தேர்வைக் கேட்கின்றன. அதில் 42 பலவுள் தெரிவு வினாக்களும் ஒரு கட்டுரையும் உண்டு. சட்ட அறிவு எதுவும் சோதிக்கப்படுவதில்லை. இந்தியாவில் பன்னிரண்டாம் வகுப்புக்குப்பின் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பு இருக்கிறது. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு இரண்டு மணி நேரத்தில் 120 வினாக்கள் கொண்டது. அதன் சட்டப் பகுதியும் கொடுக்கப்பட்ட பத்தியை வாசித்துப் பொருத்திப் பார்ப்பதையே சோதிக்கிறது. ஜெர்மனியில் படிப்பு முடிவில் ஓர் அரசுத் தேர்வு, பிறகு இரண்டாண்டு நடைமுறைப் பயிற்சி, அதன்பின் இரண்டாவது அரசுத் தேர்வு. பாதைகள் இவ்வளவு வேறுபட்டாலும், நுழைவில் கேட்பது ஏறத்தாழ ஒன்றையே: அறிமுகமில்லாத ஒரு கடினமான பத்தியை விரைவாகவும் துல்லியமாகவும் வாசிக்க முடியுமா? அமெரிக்கச் சட்டப் பள்ளிகளின் எல்சாட் தேர்வில்கூட 2024 ஆகஸ்டு முதல் தர்க்கப் புதிர்ப் பகுதி நீக்கப்பட்டு, வாசிப்புக்கும் வாதப் பகுப்பாய்வுக்குமே இடம் தரப்பட்டிருக்கிறது. இந்த ஓர் உண்மையைச் சொல்லியிருந்தால், தங்கள் தீர்ப்பு வாசிப்பு வகுப்புகளின் மதிப்பை நிறுவனத்தாரே சரியாக எடுத்துக்காட்டியிருப்பார்கள். அதைச் சொல்லாமல், தங்கள் சான்றிதழ் பல்கலைக்கழகச் சேர்க்கையில் "தனி இடம்" பெற்றுத் தரும் என்று சொன்னார்கள். மேலே சொன்ன எந்தத் தேர்விலும் அப்படிப்பட்ட சான்றிதழுக்கு மதிப்பெண் கிடையாது.

சேவைத் தரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் பாதியில் ஒரு வாரத்தில் திரும்பிய தாள்கள், இரண்டாம் பாதியில் அடுத்த பணிக்கான கெடு முடிந்த பிறகே வந்தன. திருத்தத்தைப் பார்க்காமல் அடுத்ததை எழுதினால் பயிற்சியின் நோக்கமே அடிபட்டுப் போகிறது. வகுப்புப் பதிவுகள் பயிற்சி முடிந்த ஒரு மாதத்தில் நீக்கப்படும் என்பது சேரும்போது சொல்லப்படவில்லை. மாணவர்களின் கைப்பேசி எண்களை வாங்கி வைத்துக்கொண்டு, "உயர்நிலைத் தொகுப்பு"க்குச் சேரச் சொல்லிப் பிள்ளைகளையே நேரடியாக அழைத்தது எனக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. நான் எழுத்தில் ஆட்சேபித்த பிறகு அழைப்புகள் நின்றன. வயது வராத ஒருவரிடம் ஒப்பந்தம் பேசுவதன் சட்டநிலை பற்றி அவர்களே பாடம் எடுத்திருந்தார்கள்.

இந்தப் பயிற்சி எல்லாருக்கும் தேவையா என்றால், தேவையில்லை. இதன் நல்ல பகுதிகளில் பாதியைச் செலவில்லாமலே செய்துகொள்ளலாம். பெரும்பாலான நாடுகளில் விசாரணைகள் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்தவை. ஒரு நாள் முழுவதும் பின்வரிசையில் அமர்ந்து பார்த்தாலே தொழிலின் உண்மை வேகம் தெரிந்துவிடும். ஐக்கிய இராச்சிய உச்ச நீதிமன்றத்தின் வாதங்களை இணையத்தில் காணலாம். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 1955 முதல் பதிவான வாதங்களைக் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் 1995-இல் தொடங்கிய ஆஸ்ட்லீ போன்ற தளங்களில் தீர்ப்புகள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தீர்ப்பை வாசிக்கும் முன் வாதத்தைக் கேட்டு, யார் வெல்வார் என்று எழுதி வைத்துவிட்டுப் பிறகு தீர்ப்பைத் திறந்து பார்ப்பது நல்ல பயிற்சி. வீட்டில் தனியாகச் செய்ய முடியாதது, எழுதியதை இரக்கமில்லாமல் திருத்தித் தர ஒருவர் கிடைப்பதும், எதிர்த்தரப்பில் நின்று வாதாட இன்னொரு மாணவர் கிடைப்பதுமே. அந்த இரண்டுக்காகத்தான் பணம் கட்ட வேண்டும்.

ஆகவே சேர்ப்பதற்கு முன் எந்த நிறுவனத்திடமும் சிலவற்றைக் கேட்டு வாங்குங்கள். திருத்தப்பட்ட மாதிரித் தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். அதில் மதிப்பெண் மட்டும் இருந்தால் வேறிடம் பாருங்கள். வாசிக்கத் தருவது அசல் தீர்ப்பா, சுருக்கமா என்று கேளுங்கள். மாதிரி விசாரணையில் ஒவ்வொரு மாணவரும் ஒரு முறையாவது வாதாடுவாரா என்று எழுத்தில் உறுதி பெறுங்கள். மாணவர் பத்தாம் வகுப்புக்குக் கீழே இருந்தால் அவசரப்பட வேண்டாம். நல்ல கதைகளும் நாளிதழ்த் தலையங்கங்களும் படிக்கட்டும், பள்ளி விவாத மன்றத்தில் பேசட்டும். பொதுத் தேர்வு ஆண்டில் இருப்பவர்களுக்கும் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் தாராளமாகப் பிடிக்கிறது.

மகள் இப்போது சட்டம்தான் படிப்பேன் என்கிறாள். ஆனால் நீதிமன்ற வாதத்தைவிடச் சட்ட முன்வரைவுப் பணியில் ஆர்வம் வந்திருப்பதாகச் சொல்கிறாள். தொழில் வழிகாட்டல் வகுப்பு பெயரைக்கூடச் சொல்லாத அந்தப் பணி, பூங்கா வாகன விதியை மாற்றி எழுதிப் பார்த்த எழுத்துப் பணியிலிருந்து அவளுக்குத் தென்பட்டிருக்கிறது. இளையவன் அடுத்த ஆண்டு கேட்டால் இதே பயிற்சியில் சேர்ப்பேன். சான்றிதழுக்கான கூடுதல் கட்டணத்தைக் கட்ட மாட்டேன், தொடர்பு எண்ணாக என்னுடையதை மட்டுமே கொடுப்பேன்.